பதினோரு நொடி

ஜூன் 9, திங்கள்

எட்டு வாரத்துக்கு ஒரு நோட்டு போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் ரெஹானா மேடம். உளவியலாளர். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். சொன்னதால் எழுதுகிறேன்.

பெயர் தணிகாசலம். வயது நாற்பத்தொன்பது. சேலத்தில் சரக்கு ரயில் ஓட்டுநர். இருபத்து மூன்று வருட சர்வீஸ்.

நடந்தது: ஏப்ரல் 22, செவ்வாய், மாலை 4.12. ஆத்தூர் தாண்டி வளைவு முடிந்து வரும் நேர்பாதை. பெண் ஒருவர் திடீரெனத் தண்டவாளத்தின் குறுக்கே வந்தார். ஹாரன் அடித்தேன். உடனே அவசர பிரேக் போட்டேன். வண்டி நிற்பதற்குள் முடிந்துவிட்டது. வாக்குமூலத்தில் எழுதியதும் இதுதான். என்னோடு வந்த உதவி ஓட்டுநர் பிரின்ஸி அப்போது பின்னால் இயந்திர அறையைப் பார்க்கப் போயிருந்தார். முன்னால் நான் மட்டும்.

மூன்று நாள் லீவு போட்டேன். பிறகு டூட்டிக்குப் போனேன். மே 19 அன்று சிக்னல் பச்சையான பிறகும் என்னால் பிரேக்கை விடுவிக்க முடியவில்லை. கை பிடியிலேயே இருந்தது. வண்டி இருபது நிமிடம் அப்படியே நின்றது. அதனால்தான் மேடமிடம் எட்டு வார மனப்பயிற்சி வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஜூன் 14, சனி

முதல் வகுப்பு. மொத்தம் ஏழு பேர். ஆளுக்கு ஓர் உலர்திராட்சை கொடுத்தார் மேடம். முதலில் பார்க்க வேண்டும், பிறகு முகர வேண்டும், காதருகே வைத்து உருட்டிக் கேட்க வேண்டும், கடைசியில்தான் வாயில் போட வேண்டும். பத்து நிமிடம் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, முதுகுவலிக்காக வந்தவர், “இதுக்கு ஒரு கிலோ பாயசமே வச்சிருக்கலாம்” என்றார். மேடமும் சிரித்துவிட்டார்.

“மனசைக் காலி பண்ணணும்னு யாரும் நினைக்காதீங்க. வர்றது வரட்டும். விரட்டவும் வேணாம், பின்னாடியே போகவும் வேணாம். வந்திருக்குன்னு கவனிங்க, போதும்” என்றார்.

இதற்கு எட்டு வாரமா?

ஜூன் 16, திங்கள்

மேடம் போனில் அனுப்பிய ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்தேன். கால் பெருவிரலில் தொடங்கி உடம்பு முழுக்கக் கவனித்துக்கொண்டே வர வேண்டும். முழங்கால் வரை சரியாகப் போனது. வலது கைக்கு வந்தபோது கை மரத்திருந்தது. ஹாரன் அடிக்கிற கை. பதிவை நிறுத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

ஜூன் 18, புதன்

வலது கை. அதே.

ஜூன் 19, வியாழன்

மனைவி உமையாள் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். பசியில்லை என்று மோரும் சோறும் போதும் என்றேன்.

“ரெண்டு மாசமா இதையேதான் சொல்றீங்க. டாக்டர் வேணாம்னாரா?”

“வயித்துக்கு ஒத்துக்கல.”

அவள் குழம்பை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

காலை நடைக்கு இப்போது பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போகிறேன். சந்தைப்பக்க வழியில் கூட்டம் அதிகம்.

ஜூன் 21, சனி

இன்று ஓசைப் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு காதில் விழுவதை எல்லாம் அது என்ன, எங்கிருந்து என்று ஆராயாமல் வெறும் ஓசையாகக் கேட்க வேண்டும். மின்விசிறி. யாரோ இருமியது. தெருவில் ஆட்டோ. அப்புறம் ஓர் ஆடு கத்தியது. மதில் பக்கம் எங்கோ குட்டியாடு.

பாத்ரூம் போனேன். வகுப்பு முடிந்ததும் திரும்பினேன்.

மேடம் வந்தார். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 26, வியாழன்

ரயில்வே போலீஸ் ஏட்டு போன் செய்தார். நல்ல மனிதர், விபத்தன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்.

“சார், அந்தச் செல்லக்கிளி கேஸ்ல உங்களுக்குச் சம்மன் வரலாம். சாட்சிக்குத்தான், பயப்படாதீங்க.”

“என்ன கேஸு?”

“அந்தம்மாவோட புருசன் பொன்னையன்னு ஒருத்தன். முந்தின நாள் தெருவுல வச்சு ரெண்டு பேருக்கும் பெரிய சண்டையாம். அவன் கொடுமை தாங்காமத்தான் ரயில் முன்னாடி விழுந்துட்டாங்கன்னு அந்தம்மாவோட அண்ணன் புகார் கொடுத்திருக்கான். ஆள ரிமாண்ட் பண்ணியாச்சு. திடீர்னு குறுக்க வந்தாங்கன்னு நீங்க எழுதிக் கொடுத்ததுதான் இதுல முக்கியமான சாட்சி.”

சரி என்றேன்.

இந்தப் பெயரை இன்றுதான் கேட்கிறேன். செல்லக்கிளி.

ஜூன் 28, சனி

காய்ச்சல். வகுப்புக்குப் போகவில்லை.

ஜூன் 30, திங்கள்

காய்ச்சல் இல்லை. சனிக்கிழமையும் இல்லை.

ஜூலை 5, சனி

உமையாள்தான் கட்டாயப்படுத்தி அனுப்பினாள். இன்று நடைப் பயிற்சி. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஒவ்வொரு அடியாக, குதிகால் படுவதையும் விரல் எழுவதையும் கவனித்து நடக்க வேண்டும். ஏழு பேரும் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி நடந்தோம்.

முடிந்ததும் மேடம் தனியாக அழைத்தார். சாக்குச் சொல்லாமல், “உக்காரும்போதெல்லாம் அந்த இடம் வருது” என்றேன்.

“எது வரைக்கும் வருது?”

“ஹாரன் அடிக்கிற வரைக்கும். அப்புறம் நானே எந்திரிச்சிடுவேன்.”

“எந்திரிக்கணும்னு தோணுறதுக்கு முன்னாடி உடம்புல எங்க தெரியுது?”

யோசித்தேன். “தொண்டைக்குக் கீழ. கல்லு வச்ச மாதிரி.”

“அடுத்த தடவை படத்தைப் பார்க்காதீங்க. அந்தக் கல்லோட மட்டும் ரெண்டு மூச்சு உக்காந்து பாருங்க. முடியலைன்னா கண்ணைத் திறந்து, பாதம் தரையில இருக்கறதைக் கவனிங்க. இதுல யாரும் உங்களை அவசரப்படுத்தல சார்.”

ஜூலை 7, திங்கள்

இரண்டு மூச்சு.

ஜூலை 9, புதன்

ஆறு மூச்சு. கல் அசையவில்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை. வெளியே பால்காரர் மணி அடித்தார், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் வந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். கண்ணிலிருந்து நீர் வந்தது. அழுகை மாதிரித் தெரியவில்லை, சும்மா வந்தது.

பொன்னையன் உள்ளே போய் எத்தனை நாள் ஆகிறதென்று கணக்குப் போட்டேன். இருபதுக்குப் பக்கம் இருக்கும்.

ஜூலை 12, சனி

இன்று மேடமிடம் சொல்லிவிட்டேன். சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி ஞாபகம் வந்துவிடும்.

அவர் திடீரென்று வரவில்லை. வளைவு முடிந்ததுமே பார்த்துவிட்டேன். அரை கிலோமீட்டர் இருக்கும். தண்டவாளத்தின் நடுவில் பச்சைச் சேலையில் ஒரு பெண் குனிந்திருந்தார். பக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டி. அதன் கயிறு தண்டவாளத்தோடு எதிலோ மாட்டியிருந்தது. அவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

ஹாரன் அடித்தேன். விலகிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு நாளைக்குப் பத்து பேராவது இப்படித்தான், கடைசி நேரத்தில் தாண்டிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் பிரேக் போட்டால் வண்டி ஊர் போய்ச் சேராது. சுமையோடு நிற்கிற சரக்கு வண்டியை மறுபடி கிளப்பப் படாத பாடு படவேண்டும். பின்னால் வருகிற வண்டி எல்லாம் நிற்கும், போனில் கேள்வி மேல் கேள்வி வரும். அன்றைக்கு ஏற்கெனவே நாற்பது நிமிடம் தாமதம். அதனால் ஹாரன் மட்டும் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுக்க ஆரம்பித்தபோதுதான் இவர் போகமாட்டார் என்று புரிந்தது. பிரேக் போட்டேன்.

பதினோரு நொடி. அன்றிலிருந்து ஆயிரம் தடவை எண்ணியிருக்கிறேன். பார்த்த உடனே போட்டிருந்தாலும் வண்டி நின்றிருக்காது. சுமை வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர் வேண்டும். ஆனால் வேகம் குறைந்து, நாலு நொடியாவது தாமதமாக அங்கே போயிருக்கும். கயிறு அறுந்துவிட்டது, குட்டி ஓடியும் விட்டது. அவருக்கு இன்னும் இரண்டு நொடி போதுமாயிருந்தது.

பிரேக் எப்போது விழுந்தது என்று இன்ஜினில் பதிவாகும். கண் எப்போது பார்த்தது என்பதை எந்தக் கருவியும் பதிவு செய்வதில்லை. அதனால் “திடீரென” என்று எழுதினேன். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையால் ஒருவர் ஜெயிலில் இருக்கிறார்.

சொல்லி முடித்தேன். மேடம் தட்டிக்கொடுக்கவில்லை. “இப்ப அந்தக் கல்லு எப்படி இருக்கு?” என்றார்.

“இருக்கு.”

“சரி.”

“நான் பண்ணது தப்பா மேடம்?”

“அதைத் தீர்ப்புச் சொல்றதும் மன்னிக்கிறதும் என் வேலை இல்ல சார். மூணு மாசமா இதுகிட்ட இருந்து ஓடிக்கிட்டிருந்தீங்க. இன்னிக்கு ஓடாம உக்காந்து முழுசாப் பார்த்தீங்க. என்னால அது வரைக்கும்தான் கூட வர முடியும். அடுத்து என்ன செய்யறதுங்கிறது உங்க கையில. நீங்க இங்க சொன்னது இந்த அறையைத் தாண்டி என்னால போகாது. ஆனா ஒரு ஆள் உள்ள இருக்காரு. அதையும் சேர்த்துப் பாருங்க.”

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன் போலிருக்கிறது. வரும்போது கோபமாகக்கூட இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

உமையாளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசி வரை தலை நிமிராமல் கேட்டாள்.

“அப்ப எங்கிட்டயும் இத்தனை நாளா அந்தப் பொய்யைத்தான் சொன்னீங்க.”

“ஆமா.”

“அன்னைக்கு வீட்டுக்கு வந்து, ‘குறுக்க வந்துட்டாடி, நான் என்ன பண்ண’ன்னு அழுதீங்களே. நான் அந்தப் பொம்பளையைத் திட்டினேன். சாகறதுக்கு எம் புருசன் வண்டிதான் கெடச்சுதான்னு திட்டினேன்.”

கீரையை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். சமையல் ஆகவில்லை. இருவரும் சாப்பிடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ரயில்வே போலீஸில் புதிய வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். ஏட்டு படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது உங்க வேலைக்கே உலை வைக்கும் சார். நல்லா யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?”

“யோசிக்காம எழுதுனது முன்னால குடுத்தது.”

ஒரு நகலை என் அலுவலகத்திலும் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது வலது கை மரத்துப் போயிருக்கவில்லை. பேனாவின் குளிர்ச்சி தெரிந்தது.

ஜூலை 24, வியாழன்

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. தவறான வாக்குமூலம் கொடுத்தது குறித்து விசாரணை. அது முடியும் வரை இன்ஜினில் ஏறக்கூடாது. இன்ஜின் ஷெட்டில் ரிஜிஸ்டர் எழுதும் வேலை.

நண்பர்கள் என்று நினைத்தவர்களில் இரண்டு பேர் எதிரே வந்தும் பேசாமல் போனார்கள். ஒருவர் நின்று பேசினார். “நாம எல்லாரும் அப்படித்தாண்டா எழுதுறோம். நீ ஒருத்தன் உத்தமனாகி எங்களை ஏன் மாட்டிவிடற?” அவருக்கு நாலு விபத்து.

ஜூலை 26, சனி

ஏழாவது வகுப்பு. முதுகுவலி அம்மா, வலி போகவில்லை, ஆனால் வலியோடு சண்டை போடுவது நின்றிருக்கிறது என்றார். “சண்டை போட்டதுல பாதி நாள் போச்சு” என்றார். எனக்குள் கல் இருக்கிறது. அதைச் சுற்றி இப்போது கொஞ்சம் இடமும் இருக்கிறது. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

ஜூலை 30, புதன்

பொன்னையனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டதாக ஏட்டு சொன்னார். முப்பத்தொன்பது நாள் உள்ளே இருந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. உமையாள் சித்ரான்னம் செய்தாள். எனக்கும் பரிமாறினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு எதிரில் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். வகுப்புகள் நேற்றோடு முடிந்துவிட்டன என்று சொன்னேன்.

“முடிஞ்சுதா? குணமாயிடுச்சா?”

“அப்படி எல்லாம் இல்ல.”

“அவங்க வீட்டுக்குப் போகணும்ல?” என்றாள்.

எனக்கும் அதே நினைப்புதான். பொன்னையன் வேண்டாம் என்றால் போகக்கூடாது, முதலில் கேளுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். பொன்னையனின் வக்கீல் மூலம் கேட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வரச் சொல்லிவிட்டார்கள். உமையாளும் கூட வந்தாள். ஆத்தூரில் பஸ் மாறி, இறங்கி ஒரு மைல் நடந்தோம். மரவள்ளிக் காடுகள். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் ரயில் பாதை தெரிகிறது. அவ்வளவு பக்கம்.

பொன்னையன் என்னைவிட இளையவர். ஜெயிலில் மெலிந்திருப்பார் போல, சட்டை தொளதொளவென்று இருந்தது. எங்களை உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டிருந்தார்.

“சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். நோட்டில் எழுதியிருப்பதை, அதே வரிசையில். பதினோரு நொடியையும் சொன்னேன். சொல்லும்போது பாதம் தரையில் இருப்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் பாதியில் எழுந்து ஓடியிருப்பேன்.

அவர் அழவில்லை. “ஊரே சொல்லுச்சு. நாந்தான் கொன்னேன்னு ஊரே சொல்லுச்சு. உள்ள இருந்தப்ப எனக்கே அப்படித்தான் ஆயிடுச்சு. முந்தின நாள் கையை ஓங்குனேன், அது நெசம். அதனாலதான் போயிட்டாளோன்னு… இத்தனை நாளும்…”

பிறகு உள்கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எம் பொண்ணுக்கு மட்டும் இது தெரிய வேணாங்க. செவ்வந்தின்னு பேரு. பதினோரு வயசு. அது அவ வளர்த்த குட்டி. குட்டிக்காகத்தான் அம்மா செத்தான்னு தெரிஞ்சா தாங்கமாட்டா. இப்பவே ராத்திரியில தூங்கறதில்ல, முழிச்சுக்கிட்டே உக்காந்திருக்கா.”

சரி என்றேன்.

அப்போது உள்கதவு திறந்தது. அவள் அங்கேதான் நின்றிருந்திருக்கிறாள். இரட்டைச் சடை, பழைய பள்ளிச் சீருடைப் பாவாடை. நேராக அப்பாவிடம் வந்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா.”

பொன்னையன் அவளையே பார்த்தார்.

“குட்டி மட்டும் வீட்டுக்கு வந்துச்சு. கழுத்துல அறுந்த கயிறு இருந்துச்சு. நாந்தான் அதை ரயில் ரோட்டு ஓரமாக் கட்டினேன். அங்கதான் புல்லு பச்சையா இருந்துச்சு. முளைக்குச்சி பிடுங்கிட்டு ஓடியிருக்கு. கயித்தை அவுத்து அடுப்புல போட்டுட்டேன். யாரும் எங்கிட்ட கேக்கவே இல்ல. உங்களைப் பிடிச்சுட்டுப் போனப்பக்கூட நான் சொல்லல. சொன்னா என்னைப் பிடிச்சுட்டுப் போவாங்கன்னு இருந்தேன்.”

பொன்னையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாற்பத்தொன்பது வயதில் நான் செய்ததையேதான் இந்தக் குழந்தையும் செய்திருக்கிறது. தனியாக, ஏப்ரலிலிருந்து. எனக்காவது ஒரு மேடம் இருந்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்கதானே வண்டி ஓட்டினீங்க?”

“ஆமாம்மா.”

“அம்மாவைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“அம்மாவுக்கு எம்மேல கோவமா?”

இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சொல்வது நான் பார்த்ததாக மட்டும் இருக்கட்டும் என்று தோன்றியது. கண்ணை மூடினேன். இந்த நான்கு மாதமாக எனக்கு வருகிற படத்தில் செல்லக்கிளி நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் ஹாரனோடு எழுந்து ஓடினேன். இன்று ஓடவில்லை. கடைசி வரை இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“கயிறு அறுந்ததும் குட்டி சரிவுல இறங்கி ஓடிச்சும்மா. உங்கம்மா நிமிர்ந்து அதைத்தான் பார்த்தாங்க. போயிடுச்சான்னு பார்த்தாங்க. அவ்வளவுதான் நான் பார்த்தேன். கோபமா எனக்குத் தெரியல.” பிறகு சொன்னேன்: “நீ குட்டியைக் கட்டுன இடம் தப்பா இருக்கலாம். ஆனா நான் முன்னாடியே பார்த்துட்டேன். பார்த்தும் வண்டியோட வேகத்தைக் குறைக்கல. அது உன் தப்பு இல்ல. என்னுது.”

அவள் உதடு கோணியது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. பொன்னையன் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். பதினோரு வயதுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி. உமையாள் போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் அழுதாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அங்கே எனக்கு வேறு வேலை இல்லை.

கிளம்பும்போது பொன்னையன் வாசல் வரை வந்தார். “நீங்க வந்து சொன்னது சரிதான். ஆனா இனிமே வராதீங்க” என்றார். “உங்களைப் பார்த்தா எனக்கு அந்தப் பதினோரு நொடிதான் தெரியும்.”

சரிங்க என்றேன்.

பஸ்ஸில் உமையாள் என் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சேலம் வரும் வரை விடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஷெட். ரிஜிஸ்டர் எழுதினேன். காலையில் இருபது நிமிடம் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

“பொன்னையன் பேசறேன்.”

“சொல்லுங்க.”

“உங்க மேல எனக்கிருக்கற கோவம் அப்படியேதான் இருக்கு. அதுல மாத்தமில்ல.”

“சரிங்க.”

“பாப்பா நாலு நாளா ராத்திரி தூங்கறா.”

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.